விரலால் விரித்த கரும்பலகை

"முதல்ல போர்டுல இருக்கிறதைப் பார்த்து எழுதட்டும்மா. அப்புறம் டேப்லெட்டைத் தொடலாம்."

எங்கள் தலைமையாசிரியை இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். "உனக்கே டி.எட். சேர்ந்த பிறகுதான் போன் கைக்கு வந்துச்சுன்னு நீயே சொல்லியிருக்க. அதை வெச்சு நீ இதுங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தரப்போற? சும்மா ஆசைப்படாத. ஒண்ணு கீழ விழுந்து உடைஞ்சா மேல இருந்து என்னைத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து பொம்மனஹள்ளியில் வீடு பிடித்து, இருவரும் கார்மெண்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அம்மாவுக்குத் தையல், அப்பாவுக்கு அயர்ன். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இன்று பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்துகிற முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். நான் அதைத் தடுப்பதில்லை.

நான் வேலை பார்ப்பது மர்பி டவுனை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளி. சிறிய கட்டிடம். மூன்றாம் வகுப்பு என்னுடையது. பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே மூன்று நான்கு தலைமுறையாக இருப்பவர்கள். பெயிண்டிங், ஆட்டோ, ஆபீஸ்களில் ஹவுஸ்கீப்பிங் என்று வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடையில் தக்னி உருது என்று மூன்றையும் அந்தப் பிள்ளைகள் ஒரே மூச்சில் பேசும். அவர்களுக்கு வராதது படிப்பு மட்டும்தான் என்று வெளியில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

டேப்லெட்டுகள் வந்தது நான் சேர்ந்த மறு வருடம். ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள் காரில் கொண்டுவந்து கொடுத்து, பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தலைமையாசிரியை மேடம் அவற்றைத் தெர்மாகோலைக்கூடப் பிரிக்காமல் இரும்பு பீரோவில், சாக்பீஸ் டப்பாக்களுக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார். நான் விடாமல் கேட்டுக் கேட்டு, கடைசியில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மட்டும் எடுக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று. பெல் அடித்ததும் துடைத்துத் திரும்ப வைத்துவிட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் என்ன செய்தேன் என்று யோசித்தால், பெரிதாக ஒன்றும் இல்லை. அதிலிருந்த பாட்டுகளைப் போட்டேன். கூட்டல் விளையாட்டு ஒன்று இருந்தது, சரியாகச் சொன்னால் பலூன் வெடிக்கும். பிள்ளைகள் பலூனுக்காகக் கையில் வந்த எண்ணையெல்லாம் தட்டினார்கள். வகுப்பு கலகலப்பாக இருந்தது. ஆனால் திங்கட்கிழமை அதே கூட்டலை போர்டில் எழுதினால் முன்பு எழுதாதவர்கள் அப்போதும் எழுதவில்லை. மேடம் சொன்னதுதான் சரியோ என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லமாட்டேன்.

போர்டைப் பார்த்து எழுதாதவர்களில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். எட்டு வயது. எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, யூனிபாரம் கசங்காமல் வருவாள். முதல் பெஞ்ச். பாட்டு, கதை, வாய்ப்பாடு எல்லாம் அவள் வாயிலிருந்து தண்ணீராக வரும். வகுப்பே சேர்ந்து பாடத்தை உரக்கப் படிக்கும்போது அவள் குரல்தான் முந்தும். ஆனால் நோட்டைத் திறந்தால் தலைசுற்றும். நான் எழுதிய வாக்கியத்துக்கும் அவள் எழுதியதற்கும் சம்பந்தமே இருக்காது. எழுத்துகள் ஒவ்வொன்றும் அழகாக இருக்கும், ஆனால் வேறு எழுத்துகளாக இருக்கும். யாராவது பேசினால் நேராகப் பார்க்காமல் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வாள். கண்மணிகள் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். பயத்தில் அப்படி ஆகிறது என்று நான் நினைத்தேன். மேடம் அதைத் திமிர் என்றார்.

அரைப் பரீட்சை முடிந்து பேப்பர்களைப் பார்த்தபிறகு மேடம் முடிவெடுத்துவிட்டார். "பேர் மூணாவதுலயே இருக்கட்டும். உட்கார்றது ஒண்ணாவதுல உட்காரட்டும். அ, ஆ-விலிருந்து வரட்டும். தசரா லீவு முடிஞ்சு வந்ததும் மாத்திடு."

எங்கள் பள்ளி மாதிரிப் பள்ளிகளில் இது நடப்பதுதான். ஆனால் இந்தப் பெண்ணின் தங்கை ஒன்றாம் வகுப்பில் இருந்தாள்.

தகவல் போனதும் அவளுடைய அம்மா அன்றே வந்தார். தொம்லூர் பக்கம் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நீல யூனிபாரத்தோடு நேராக வந்திருந்தார்.

"ஒண்ணாவதுல உட்கார வெக்கிறதுன்னா நான் நிறுத்திடறேன் மிஸ்."

"அவசரப்படாதீங்கம்மா."

"அவசரம் இல்ல மிஸ். அக்காளும் தங்கச்சியும் ஒரே பெஞ்சுலன்னா தெருவுல என்ன பேசுவாங்க? சின்னவளே இவளை மதிக்கமாட்டா. ஓசூர்ல எங்கக்கா வீட்டுல கைக்குழந்தை இருக்கு. அங்க விட்டா அதைப் பார்த்துக்கிட்டு இருப்பா. இவளுக்குக் குழந்தைங்கன்னா உசுரு."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.  முடிவு அவர் மனதில் ஏற்கெனவே பழகிப்போயிருந்தது.

எங்கள் பெங்களூரில் ஆயுத பூஜையை விடுகிற இடமே கிடையாது. பஸ் டிப்போ முதல் பஞ்சர் கடை வரை பூசணிக்காய் உடையும். பள்ளிகளில் லீவு விடும் நாளுக்குள் முடித்துவிடுவார்கள். எங்கள் பள்ளியிலும் ஆபீஸ் ரூமில் சிவப்புத் துணி விரித்து, பெல், உலக உருண்டை, சாக்பீஸ் டப்பா, மேடத்தின் ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றையும் அடுக்கினோம். நடுவில் டேப்லெட்டுகளை வரிசையாக நிற்க வைத்தார் மேடம். தொடக்கூடாது, கும்பிடலாம். என் மூன்றாம் வகுப்புக்குத்தான் பொட்டு வைக்கும் வேலை. முன்பக்கம் வைத்து முடித்ததும் ஒரு வாலு சொன்னாள், "பின்னாடியும் வெக்கணும். அங்கதான் அதுக்குக் கண்ணு இருக்கு. கண்ணுக்குத்தான் திருஷ்டி." உடனே எல்லா டேப்லெட்டையும் திருப்பி, ஒவ்வொரு கேமரா மேலும் குழைத்த சந்தனத்தை அப்பி, அதன் நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். ஆயா கற்பூரம் காட்டினார். பொரி, கடலை, வாழைப்பழம் கொடுத்து அனுப்பினோம். டேப்லெட்டுகள் பொட்டோடு பீரோவுக்குள் போயின.

லீவு முடிந்து வந்தபோது, இந்த ஒரு வாரம் மட்டும் அந்தப் பிள்ளை என் வகுப்பில் இருக்கட்டும் என்று மேடத்திடம் கேட்டு வாங்கினேன். "திங்கட்கிழமையிலிருந்து கீழ போகட்டும்" என்றார். அந்த வாரம் முழுவதும் அவளை என் பக்கத்திலேயே உட்கார வைத்து போர்டைப் பார்த்து எழுதச் சொன்னேன். ஒன்றும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது.

கடைசி பீரியட். டேப்லெட்டுகளைக் கொடுத்தேன். வழக்கமான கூச்சல். பலூன்கள் வெடித்தன. யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. அவள் மட்டும் தன் முறை வந்ததும் டேப்லெட்டை வாங்கி, வழக்கம்போல அதைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள். விளையாடத் தெரியவில்லை என்று நினைத்து விட்டுவிடுவேன். ஆனால் அன்று எழுந்து என்னிடம் வந்தாள். டேப்லெட்டை என் முன்னால் நீட்டினாள்.

"மிஸ், இதுக்குக் கண்ணு போயிடுச்சு."

"என்ன போயிடுச்சு?"

"எல்லாம் செவப்பா இருக்கு மிஸ். போர்டு வரமாட்டேங்குது."

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து ஓடு போல ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் ஊறவைத்து, காது குடையும் பஞ்சால் மெல்ல எடுத்தேன். அதற்குள் பக்கத்து பெஞ்சிலிருந்து, "பூஜை பண்ணதைத் துடைக்கக்கூடாது மிஸ், சாமி குத்தம்" என்று ஒரு பையன் சொன்னான். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்தபடி.

துடைத்துக் கொடுத்ததும் அவள் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதுவரை எந்த வெள்ளிக்கிழமையும் நான் அவள் பக்கத்தில் நின்றதில்லை. அவள் டேப்லெட்டை போர்டுக்கு நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். பிறகு அதை மடியில் வைத்து, இரண்டு விரல்களைச் சேர்த்து வைத்து அகற்றினாள். போர்டு விரிந்தது. இன்னும் அகற்றினாள். ஒரு சொல் மட்டும் திரை முழுவதும் நின்றது. முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோய், மெல்லிய குரலில், எழுத்துக்கூட்டிப் படித்தாள். விரலால் நகர்த்தினாள். அடுத்த சொல். அதற்கடுத்த சொல். காலையில் நான் எழுதிய பாட வாக்கியம் முழுவதையும் படித்து முடித்து, நிமிர்ந்து, "மிஸ், உங்க எழுத்து சூப்பரா இருக்கு" என்றாள்.

என் கையெழுத்தில் எனக்குக் கர்வம் உண்டு. பயிற்சிக் கல்லூரியில் கரும்பலகை எழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். தினமும் இந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். அவள் அதை இந்தத் திரையில்தான் பார்த்திருக்கிறாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு அவளை நிறுத்திக் கேட்டேன்.

"போர்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"கருப்பா தெரியும்."

"எழுத்து?"

"வெள்ளையா பொகை மாதிரி இருக்கும்."

"அப்ப நோட்டுல எதைப் பார்த்து எழுதுவ?"

இதைக்கூடக் கேட்பார்களா என்பது போல என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதும்போது கை போகும்ல மிஸ். அதைப் பார்த்துத்தான். கை பெருசா சுத்துனா ஒரு எழுத்து, கீழ இழுத்தா ஒரு எழுத்து. சாக்பீஸ் கீச்சுன்னா புள்ளி." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "எல்லாருக்கும் அப்படித்தானே? அவங்களுக்கெல்லாம் சீக்கிரமா வருது, எனக்கு வரல."

 இரண்டரை வருடமாக இந்தப் பிள்ளை, போர்டில் எழுதும் டீச்சரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் கையின் அசைவிலிருந்தும் சாக்பீஸின் சத்தத்திலிருந்தும் தமிழ் எழுத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். எப்போதாவது ஓர் எழுத்து சரியாகவும் வந்திருந்தது. வகுப்பு கூரையைப் பார்த்து "பல்லி, பல்லி" என்று சிரித்தால் இவளும் கூரையைப் பார்த்துச் சிரிப்பாள் என்பது நினைவுக்கு வந்தது. பல்லியை எப்போதாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். "போன மாசம் பார்த்தேன் மிஸ், இதுல. அதுக்கு வெரல் எல்லாம் இருக்கு" என்று டேப்லெட்டைத் தட்டிக் காட்டினாள்.

அந்தக் கருவிக்குள் என்ன பாட்டு இருக்கிறது, என்ன விளையாட்டு இருக்கிறது என்றே நான் தேடிக்கொண்டிருந்தேன். எட்டு வயதுப் பெண், யாரும் சொல்லித்தராமல், அதன் வழியாக வெளியே பார்க்கலாம் என்று கண்டுபிடித்திருந்தாள். அன்று பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே பொம்மனஹள்ளி வரை வந்தேன்.

புத்தகத்தை ஏன் கிட்டே வைத்துப் படிப்பதில்லை என்று மறுநாள் அவள் அம்மாவிடம் கேட்டேன். "நான்தான் மிஸ் அடிச்சு அடிச்சு நிறுத்தினேன்" என்றார். "மூக்குல ஒட்டிக்கிட்டுப் படிப்பா. கண்ணு கெட்டுப்போயிடும்னு பயம்." எங்கள் வகுப்புச் சுவரிலும் புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லும் படம் ஒன்று ஒட்டியிருந்தது. எல்லோரும் நல்லதைத்தான் சொன்னோம். அவளும் சொன்ன பேச்சைக் கேட்டு, புத்தகத்தைச் சரியான தூரத்தில் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், மற்றவர்கள் படிப்பதைக் காதில் வாங்கி மனப்பாடமாக ஒப்பித்துவந்தாள்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே நம்பவில்லை. "முதல் பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு தெரியலையாமா? மனப்பாடத்தை ஒப்பிச்சிருப்பா. உனக்கு அவ மேல பாசம்." ஆனாலும் யோசித்தார். "பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன். ஒரே ஒரு டேப்லெட் எடுத்துக்கோ. தினமும் சாயந்திரம் பீரோவுக்கு வந்துடணும். பொங்கலுக்கு அப்புறம் நானே போர்டுல எழுதி அவளைப் படிக்க வெப்பேன். படிக்கலன்னா ஒண்ணாவதுதான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

கண் ஆஸ்பத்திரிக்கு அவளையும் அம்மாவையும் நானே அழைத்துப்போனேன். டாக்டர் ஒரு இளம் பெண். வெளிச்சம் அடித்துப் பார்த்து, எழுத்துகளைக் காட்டி, நெடுநேரம் சோதித்தார். பிறவியிலேயே இருப்பது, கண்ணாடி கொஞ்சம் உதவும், முழுவதும் சரியாகாது, பெரிதாக்கிக் காட்டினால் படிப்பாள் என்றார். "கிட்டே வெச்சுப் படிக்கட்டும், ஒண்ணும் கெட்டுப்போகாது. தலையைச் சாய்ச்சா திட்டாதீங்க. அப்படிப் பார்த்தாதான் அவளுக்குக் கண்ணு ஆடாம நிக்கும்." அவள் அம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் மகளின் பின்னலை அவிழ்த்து, மறுபடியும் பின்னினார். பின்னல் நன்றாகத்தான் இருந்தது.

வகுப்பில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. "அவளுக்கு மட்டும் ஏன் மிஸ் தினமும்? அவ என்ன மகாராணியா?" நியாயமான கேள்வி. நான் எல்லோரையும் கடைசிச் சுவரோரம் நிற்க வைத்துவிட்டு, போர்டில் கடுகு போன்ற எழுத்தில் ஒரு வரி எழுதினேன். படிக்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். "எறும்பு எழுத்து எழுதுனா எப்படி மிஸ் படிக்கிறது?" "அவளுக்கு நான் எழுதுறது எல்லாமே எறும்பு எழுத்துதான்" என்றேன். பிறகு டேப்லெட்டை அவள் கையில் கொடுத்தேன். படம் எடுத்து, விரித்து, அவள் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். அதில் நான் எழுதியிருந்தது, இன்று எல்லோரும் பத்து நிமிடம் முன்னதாக விளையாடப் போகலாம் என்பது. அதன்பிறகு மகாராணிப் பேச்சு வரவில்லை.

அவளைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. பலூன் விளையாட்டை நான் நிறுத்தவில்லை, அது தானாக நின்றுபோனது. சுண்ணாம்புச் சுவரில் ஊரும் எறும்பைப் படம் எடுத்து விரித்துக் கால்களை எண்ணினார்கள். யூனிபாரத் துணியில் நூல் குறுக்கும் நெடுக்கும் போவதைப் பார்த்து ஒருத்தி, "எங்க வீட்டுக் கோரைப்பாய் மாதிரி இருக்கு" என்றாள். அதிலிருந்தே பெருக்கலைத் தொடங்கினேன். குறுக்கே இத்தனை, நெடுக்கே இத்தனை. தாங்கள் படிப்பதைத் தாங்களே பதிவு செய்து கேட்டு, "ச்சீ, நானா இது?" என்று வெட்கப்பட்டு, திரும்பப் படித்துத் திருத்திக்கொண்டார்கள். கை ஆடாமல் படம் எடுப்பது எப்படி என்று அவள்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். "மூச்சை அடக்கிக்கோ. இப்ப அமுக்கு. இப்ப மூச்சு விடு."

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த அன்றே மேடம் வகுப்புக்கு வந்தார். அவள் அம்மாவும் வேலைக்குப் போகும் வழியில் வந்து கதவோரம் நின்றிருந்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாததை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, மேடம் தன் சாய்ந்த கையெழுத்தில் வேகமாக எழுதினார். எழுதும்போது உடம்பால் போர்டை மறைத்துக்கொண்டார். கையைப் பார்த்துக் கண்டுபிடிப்பாள் என்று நான் சொல்லியிருந்தது அவருக்கு நினைவிருந்தது.

அவள் படம் எடுத்தாள். திரையில் குனிந்தாள்.  மேடத்தின் கையெழுத்தை அவள் ஒருமுறையும் பார்த்ததில்லை. முதல் சொல்லில் நின்றாள். விரித்தாள், நகர்த்தினாள், திரும்பவும் முதலுக்கு வந்தாள்.

"இன்று... காலை... எங்கள் வீட்டில்... பால் பொங்கி... வழிந்தது."

அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

"அடுப்பு அணைந்து... விட்டது. நான் காபி... குடிக்காமலேயே பள்ளிக்கு வந்தேன்."

படித்து முடித்து ஒரு கணம் யோசித்தாள். பிறகு மேடம் நின்ற பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சொன்னாள், "ஆயாகிட்ட சொன்னா டீ வாங்கியாருவாங்க மேடம்."

மேடம் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி, வழக்கம்போலத் துடைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். போர்டை அழித்துவிட்டு ஒரு கழித்தல் கணக்கு எழுதினார். கடன் வாங்கிக் கழிப்பது. அவள் அதையும் போட்டுக் காட்டினாள்.

"நாளையிலிருந்து" என்று என்னிடம் தொடங்கினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். "நாளையிலிருந்து அந்த டேப்லெட்டை பீரோல வெக்காத. உன் மேஜை டிராயர்ல வெச்சுக்கோ. சார்ஜ் போட மட்டும் என் ரூமுக்குக் கொண்டா."

கதவோரம் நின்ற அம்மா மணியைப் பார்த்தார், நேரமாகிவிட்டது என்று சைகை செய்தார், படியிறங்கினார். கேட்டுக்கு அருகில் நின்று போனில் யாரிடமோ, "இல்லக்கா, அவ வரமாட்டா. குழந்தைக்கு வேற ஆளைப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

பிப்ரவரியில் எங்கள் பள்ளித் தெருவில் ரோஜா நிற மரங்கள் பூக்கும். இலையே தெரியாமல் மரம் முழுவதும் பூ. நகரம் முழுவதும் அந்தச் சமயத்தில் அப்படித்தான் இருக்கும். பழகிவிட்டதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒரு மதியம் சாப்பாடு முடிந்து அவள் டேப்லெட்டோடு காம்பவுண்டு ஓரமாக நின்றிருந்தாள். எதிர்ப்பக்கம் பார்த்து ஒரு படம் எடுத்தாள். விரித்தாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள். நான் பக்கத்தில் போனது அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன பார்க்கிற?"

"மிஸ், அது துணி இல்லையா?"

"எது துணி?"

"அந்த மாடி வீட்டுல வருஷா வருஷம் ரோஸ் கலர்ல ஒரு துணி காயப்போடுவாங்கன்னு நினைச்சிருந்தேன். எவ்ளோ பெரிய துணி, யார் துவைப்பாங்கன்னு நினைப்பேன்." திரையை என் பக்கம் திருப்பினாள். கொத்துக் கொத்தாகப் பூக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள். "பூ மிஸ். தனித்தனியா இருக்கு. அத்தனையும் தனித்தனியா."

அவள் விரல் திரையில் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு. ஒன்றைக்கூட விட்டுவிட மனமில்லாதவள் போல. நானும் அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு நல்ல கண். இத்தனை வருடம் அந்த வழியாகத்தான் வந்துபோயிருக்கிறேன். பெல் அடித்தது, இருவரும் உடனே நகரவில்லை.

ஏப்ரலில் அவள் எல்லோரையும் போல நான்காம் வகுப்புக்குத் தேறினாள். நான்காம் வகுப்பை எடுக்கும் டீச்சர் ஓய்வுபெறும் வயதில் இருப்பவர். நல்லவர்தான். டேப்லெட் என்றால் மட்டும், "எனக்கு அதைத் தொட்டா கை நடுங்குதும்மா" என்பார். நான் மேடத்திடம் போய், வரும் வருடம் நான்காம் வகுப்பை எனக்குக் கொடுங்கள், அவர் மூன்றாவதை எடுக்கட்டும் என்று கேட்டேன். மேடம் டைம்டேபிளைப் பார்த்தபடியே, "நாலாவதுல கணக்கு கஷ்டம். உனக்குப் பழக்கமில்லை" என்றார். பழகிக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் காலை, புதிய டைம்டேபிளில் நான்காம் வகுப்புக்கு நேராக என் பெயர் இருந்தது. டேப்லெட்டைக் கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துப்போகவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான்காம் வகுப்புப் புத்தகங்களில் எழுத்து இன்னும் சிறிது. அதனால் இந்த மே மாதம் காலை வேளைகளில் பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து டேப்லெட்டில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கம் காற்றில் புரளாமல் அம்மா அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று நடுநடுவே கேட்கிறார், படித்துச் சொல்கிறேன். எல்லாப் படத்திலும் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் விழுந்திருக்கிறது. நான் அதை வெட்டவில்லை. தமிழும் கன்னடமும் முடிந்துவிட்டன. கணக்குப் புத்தகத்தில் பின்னங்கள் பாடம் வரை வந்திருக்கிறோம். அங்கே வட்டங்களைத் துண்டு போட்டுக் காட்டும் படங்கள் பொடிப்பொடியாக இருப்பதால், இன்று காலை அவற்றை ஒவ்வொன்றாகத் தனித்தனியே எடுத்து வைத்தேன்.